மனச்சோர்வு செல்களுக்கு வயது கூட்டுமா? 'பத்து வருடம்' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது

"மன அழுத்தம் உங்கள் செல்களுக்குப் பத்து வயது கூட்டிவிடும்" என்ற செய்தி இருபது வருடங்களாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சில சமயம் மன அழுத்தத்தின் இடத்தில் மனச்சோர்வு இருக்கும், பத்தின் இடத்தில் ஆறு இருக்கும். கூடவே டெலோமியர் என்ற குரோமோசோம் நுனியின் நீளத்தை அளந்து 'உண்மையான வயது' சொல்கிறோம் என்று ஒரு பரிசோதனை விளம்பரம், டெலோமியரை வளர்க்கும் என்று ஒரு மாத்திரை விளம்பரம். ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர் இதைப் படித்தால் அவருக்கு என்ன தோன்றும் என்று எழுதுகிறவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை.

தொடர்பு இருப்பது உண்மைதான். பல நாடுகளில், பல ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தலைப்பில் வரும் அந்த 'வருடம்' எந்த ஆய்வகக் கருவியும் அளந்து சொன்ன எண் கிடையாது. ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுத்து எடுத்த விடை. எதால் வகுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது ஒன்றாகவும் வரும், நாற்பதாகவும் வரும். அந்த வகுத்தலைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன் அடிப்படை கொஞ்சம் தேவைப்படுகிறது.

செல்லுக்கு ஏது வயது?

1961-இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் லியனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இருவர் மனித செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். சுமார் 50 முறை இரண்டிரண்டாகப் பிரிந்த பிறகு அவை பிரிவதை நிறுத்திக்கொண்டன. செல்களைச் சரியாகப் பராமரித்தால் முடிவில்லாமல் பெருகும் என்று அதுவரை நம்பிவந்தார்கள். ஹேஃப்ளிக் அது தவறு என்று காட்டினார். ஆனால் செல் தன் பிரிதல்களை எப்படி எண்ணுகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

விடை குரோமோசோமின் நுனியில் இருந்தது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிகளால் இழையின் கடைசித் துண்டை மட்டும் முழுதாகப் படியெடுக்க முடியாது. ஒவ்வொரு பிரிதலிலும் நுனியில் கொஞ்சம் விட்டுப்போகும். 1970-களின் தொடக்கத்தில் ரஷ்யாவின் அலெக்ஸி ஒலோவ்னிகோவ் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். அப்படியானால் முக்கியமான மரபணுக்கள் ஏன் தேய்ந்து போகவில்லை? நுனியில் மரபணு எதுவும் கிடையாது என்பதால்தான். அங்கே இருப்பது டிடிஏஜிஜிஜி என்ற ஆறெழுத்துத் தொடர், ஆயிரக்கணக்கான தடவை. சேலைத் தலைப்பில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவதுபோல, குரோமோசோமின் நுனி பிரிந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாமல் இந்தத் தொடர் காக்கிறது. இதுதான் டெலோமியர்.

மேற்கொண்டு படிக்க நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்.

1. கார இணை: டிஎன்ஏவின் ஒரு எழுத்தும் எதிர் இழையில் அதற்குச் சோடியாக நிற்கும் எழுத்தும் சேர்ந்தது. டெலோமியர் நீளத்தைச் சொல்லும் அலகு இதுவே. பிறந்த குழந்தையின் வெள்ளணுக்களில் டெலோமியர் ஏறக்குறைய 10,000 கார இணை நீளம் இருக்கும். வயதாக ஆகக் குறையும்.

2. டெலோமரேஸ்: தேய்ந்த நுனியில் அந்த ஆறெழுத்தைத் திரும்பச் சேர்க்கும் நொதி. எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் மாணவியாக இருந்த கேரல் கிரைடர் 1984 கிறிஸ்துமஸ் அன்று இதற்கான முதல் தடயத்தைப் பார்த்தார். இருவரும் ஜாக் ஷோஸ்டாக்கும் 2009-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். நம் உடலின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. குருத்தணுக்கள், நோய் எதிர்ப்பு செல்கள் போன்றவற்றில் ஓரளவு வேலை செய்யும்.

3. செல் முதுமை: டெலோமியர் மிகவும் குட்டையானதும் செல் அதை டிஎன்ஏ சேதமாகவே எடுத்துக்கொள்கிறது. பிரிவதை நிரந்தரமாக நிறுத்திவிடும், ஆனால் சாகாது. அங்கேயே இருந்துகொண்டு அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைச் சுரந்து பக்கத்துச் செல்களையும் தொந்தரவு செய்யும்.

4. வெள்ளணு டெலோமியர்: இந்தத் துறையின் மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை அளப்பது இதைத்தான். மூளையையோ இதயத்தையோ வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. ரத்தம் சுலபமாகக் கிடைக்கும்.

நான்காவதை மறந்துவிட வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

அழுத்தம் வேறு, சோர்வு நோய் வேறு

மன அழுத்தம் என்பது சூழ்நிலை கேட்பதற்கும் நம்மால் சமாளிக்க முடிவதற்கும் இடையிலான இழுபறி. கடன், பரீட்சை, படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது எல்லாம் இதில் வரும். உடல் அதற்கு அட்ரினலின், கார்டிசால் ஆகிய ஹார்மோன்களால் பதில் சொல்கிறது. குறுகிய காலத்துக்கு அது நல்லதுதான். மாதக்கணக்கில் நீளும்போதுதான் சிக்கல்.

மனச்சோர்வு ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலான நேரம், மனம் இறங்கிக் கிடப்பது அல்லது எதிலும் ஈடுபாடு இல்லாமல் போவது. கூடவே தூக்கம், பசி, கவனம், தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் மாறுவது. நீண்ட அழுத்தம் இந்த நோய்க்கு வழிவகுக்கலாம். அழுத்தம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாமலும் நோய் வரலாம்.

58 தாய்மார்கள்

இந்தக் கதை முழுவதும் ஒரு ஆய்விலிருந்து கிளம்பியது. அதைக் கொஞ்சம் நெருக்கமாகவே பார்க்கலாம்.

சான்ஃபிரான்சிஸ்கோவில் எலிசா எபெல் என்ற உளவியலாளர், பிளாக்பர்னுடன் சேர்ந்து 58 தாய்மார்களை எடுத்துக்கொண்டார். எல்லாரும் 20 முதல் 50 வயதுக்குள், மாதவிடாய் நிற்காதவர்கள், உடல்நலம் உள்ளவர்கள். 39 பேரின் குழந்தைக்கு நாள்பட்ட நோய். மற்ற 19 பேரின் குழந்தைகள் நலமாக இருந்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், 'எவ்வளவு அழுத்தமாக உணர்கிறீர்கள்' என்ற வினாத்தாளையும் நிரப்பச் சொன்னார்கள். முடிவு 2004 டிசம்பரில் வெளிவந்தது.

நோயாளிக் குழந்தையின் தாய்மார்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்தது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இரண்டு குழுக்களின் சராசரிக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வந்தது வேறு இரண்டு இடங்களில். முதலாவது, எந்தக் குழுவில் இருந்தாலும், தான் மிகுந்த அழுத்தத்தில் இருப்பதாக உணர்ந்தவர்களுக்கு டெலோமியர் குட்டை, டெலோமரேஸ் குறைவு. இரண்டாவது, நோயாளிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களுக்குள், எத்தனை வருடமாகப் பார்த்துக்கொள்கிறார்களோ அதற்கேற்ப நீளம் குறைந்தது.

அழுத்தம் மிக அதிகமான கால்வாசிப் பேரையும் மிகக் குறைவான கால்வாசிப் பேரையும் ஒப்பிட்டதில் இடைவெளி சுமார் 550 கார இணை. ஒரு பக்கத்துக்குப் பதினான்கு பதினைந்து பேர் என்பதைக் கவனிக்கவும். ஆரோக்கியமானவர்களுக்கு வருடத்துக்கு 31 முதல் 63 கார இணை வரை தேய்கிறது என்ற பழைய மதிப்பீட்டை எடுத்து, 550-ஐ அதால் வகுத்தார்கள். 9 முதல் 17 வருடம் என்று வந்தது. 'குறைந்தது பத்து வருடம்' என்ற வாசகம் பிறந்தது இப்படித்தான்.

ஆய்வில் குறை சொல்ல நான் வரவில்லை. மனதில் உணர்வதற்கும் குரோமோசோம் நுனிக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று முதன்முதலில் காட்டியது பெரிய விஷயம். 58 பேரில் பார்த்ததை உலகத்துக்கே பொதுவான விதியாக்கியது பின்னால் வந்த தலைப்புகள்.

மனச்சோர்வில் என்ன பார்த்தார்கள்?

இங்கே ஆட்கள் அதிகம். நெதர்லாந்தில் மனச்சோர்வையும் பதற்ற நோயையும் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் பெரிய ஆய்வுக் குழு ஒன்று இருக்கிறது. 2014-இல் ஜோசின் வெர்ஹோவன் அதிலிருந்து 2,407 பேரின் டெலோமியரை அளந்து வெளியிட்டார்.

- மனச்சோர்வு எப்போதுமே வராத 510 பேர்: சராசரி 5,541 கார இணை
- முன்பு வந்து குணமான 802 பேர்: 5,459
- இப்போது நோயில் இருக்கும் 1,095 பேர்: 5,461

இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. இடைவெளி 80 கார இணைதான். குணமானவர்களுக்கும் நோயில் இருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம். நோயில் இருப்பவர்களில், கடுமை அதிகமாகவும் காலம் நீளமாகவும் இருந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குட்டை.

இந்த ஆய்வில் ஒரு வயது கூடினால் சராசரியாக 14 கார இணை குறைந்திருந்தது. 80-ஐ 14-ஆல் வகுத்தால் ஐந்தே முக்கால். 'மனச்சோர்வு செல்களை நான்கு முதல் ஆறு வருடம் முதுமையாக்குகிறது' என்ற செய்தி இங்கிருந்து போனது.

வகுக்கும் எண்ணை மாற்றிப் பார்ப்போம்

முதல் ஆய்வு 31 முதல் 63 வரையிலான எண்களால் வகுத்தது, இரண்டாவதான நெதர்லாந்து (டச்சு) ஆய்வு 14-ஆல் வகுத்தது. இரண்டையும் இடம் மாற்றினால் என்ன ஆகும்?

1. டச்சு ஆய்வின் 80 கார இணையை 63-ஆல் வகுத்தால் 1.3 வருடம். ஆறு வருடம் ஒரேயடியாகப் பதினைந்து மாதமாகச் சுருங்கிவிடுகிறது.

2. சான்ஃபிரான்சிஸ்கோவின் 550-ஐ 14-ஆல் வகுத்தால் 39 வருடம். 38 வயதுத் தாய்க்கு 77 வயதுச் செல்கள் என்று இதை யாரும் எழுத மாட்டார்கள், எழுதினால் சிரிப்பார்கள்.

இரண்டு ஆய்விலும் ரத்தத்தில் பார்த்த வித்தியாசம் நிஜம். 'வருடம்' என்ற அலகு மட்டும்தான் வளைந்து கொடுக்கிறது. வாசகருக்குக் கார இணை புரியாது, வருடம் புரியும் என்று நல்ல எண்ணத்தில் மாற்றுகிறார்கள். புரிவது போலத் தோன்றுகிறதே தவிர, தவறாகப் புரிகிறது.

இன்னொன்று. ஒரே வயதுள்ள, நலமாக இருக்கும் இருவருக்கு இடையே டெலோமியர் நீளம் பல நூறு, சில சமயம் ஆயிரத்துக்கு மேல் கார இணை வேறுபடும். பெரும்பகுதி பிறக்கும்போதே அமைந்துவிடுவது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவே 80 என்பது கூட்டத்தின் சராசரியில் மட்டும் தெரியும். ஒரு ஆளைத் தனியாக நிறுத்திப் பார்த்தால் தெரியாது. 2016-இல் 38 ஆய்வுகளை, 34,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில் மனச்சோர்வுக்கும் டெலோமியர் நீளத்துக்கும் இடையிலான தொடர்பெண் (0 என்றால் தொடர்பே இல்லை, மைனஸ் 1 என்றால் ஒன்று கூடக் கூட மற்றது முழுக்கக் குறைகிறது) மைனஸ் 0.12. அதே ஆண்டில் வந்த இன்னொரு தொகுப்பில், உணரப்படும் மன அழுத்தத்துக்கு மைனஸ் 0.06. முதல் எண்ணுக்கு என்ன பொருள் என்றால், ஆட்களுக்கு இடையே நீளம் வேறுபடுவதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவானதுதான் மனச்சோர்வோடு சேர்ந்து மாறுகிறது. இரண்டாவதுக்கு அரைப் பங்குகூட இல்லை.

மன அழுத்தம் உடலைப் பாதிப்பதை வருடமாக மாற்றாமலே காட்ட முடியும் என்பதற்கு 1995-இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதிநோய் உள்ள உறவினரைப் பார்த்துக்கொண்டிருந்த 13 பெண்களுக்கும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களுக்கும் தோலில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரியான சிறு காயம் ஏற்படுத்தினார்கள். காயம் ஆற மற்றவர்களுக்கு 39.3 நாள் ஆனது, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு 48.7 நாள். இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் நாள் என்று சொன்னால் நாள், வகுத்தல் கிடையாது.

மனம் நுனிவரை எப்படிப் போகிறது?

தொடர்பு சிறியது என்றாலும், அது எந்த வழியில் நடக்கக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உண்டு.

1. கார்டிசால். நீண்ட அழுத்தத்தில் இந்த ஹார்மோனின் தாளம் கெடுகிறது. 2008-இல் கலிஃபோர்னியாவில் டி-செல் என்ற மனித நோய் எதிர்ப்பு செல்களைத் தட்டில் வைத்துக் கார்டிசால் சேர்த்தபோது டெலோமரேஸின் வேலை குறைந்தது. இது நேரடிச் சோதனை, ஆனால் உடலுக்கு வெளியே நடந்தது.

2. ஆக்சிஜனேற்றச் சேதம். டெலோமியரில் 'ஜி' எழுத்து மிகுதி. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஆக்சிஜனேற்றத்துக்குச் சீக்கிரம் பலியாவது அதுதான். சேதமான நுனி அடுத்த பிரிதலில் வழக்கத்தைவிட வேகமாகக் குட்டையாகிறது.

3. அழற்சி. மனச்சோர்வு உள்ளவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சிக் குறியீடு லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. அழற்சி இருந்தால் எதிர்ப்பு செல்கள் அதிகம் பிரிய வேண்டியிருக்கும், பிரிந்தால் தேயும். முதுமையடைந்த செல்களே அழற்சியைக் கூட்டவும் செய்வதால் இது சுற்றிச் சுற்றி வரும்.

4. பழக்கங்கள். மனச்சோர்வில் தூக்கம் கெடும், நடமாட்டம் குறையும், புகையும் குடியும் கூடலாம். நான்கில் மிகவும் அலுப்பூட்டும் விளக்கம் இதுதான், அதனாலேயே செய்திகளில் வராது. ஆனால் தொடர்பின் ஒரு பகுதி இதற்குள் அடங்கிவிடுகிறது.

இவற்றோடு சேராத ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. 2015-இல் 11,000-க்கும் மேற்பட்ட சீனப் பெண்களிடம் பார்த்ததில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு டெலோமியர் குட்டையாக இருந்ததோடு, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ அளவு அதிகமாக இருந்தது. எலிகளை நான்கு வாரம் அழுத்தத்தில் வைத்தபோதும் அதே மாற்றம். எலிகளின் அழுத்த ஹார்மோனை ஊசியில் செலுத்தினாலே அது வந்தது. அழுத்தத்தை நிறுத்தியதும் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த 'ஓரளவு திரும்பியது' என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

எது எதைக் கொண்டுவருகிறது?

மனச்சோர்வும் குட்டை டெலோமியரும் ஒருவரிடம் சேர்ந்து இருக்கின்றன. அதனால் மனச்சோர்வுதான் தேய்த்தது என்று ஆகிவிடாது. இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் நழுவுகின்றன.

மனச்சோர்வு தேய்க்கிறது என்றால், ஒருவரைப் பின்தொடரும்போது நோய் இருக்கும் காலத்தில் வேகமாகவும் குணமான பிறகு மெதுவாகவும் தேய வேண்டும். டச்சுக் குழு அதே ஆட்களை ஆறு வருடம் கழித்து மறுபடியும் அளந்து 2016-இல் வெளியிட்டது. ஆரம்பத்தில் இருந்த வித்தியாசம் ஆறு வருடம் கழித்தும் அப்படியே இருந்தது. ஆனால் நோய் வந்ததோ போனதோ, தேயும் வேகம் அதனோடு சேர்ந்து மாறவில்லை. என் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான முடிவு இதுதான். செய்தியில் மிகக் குறைவாக வந்ததும் இதுதான்.

எதிர்த் திசையில் யோசித்தால், குட்டை டெலோமியரோடு பிறந்தவருக்கு மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகமா? டென்மார்க்கில் 67,306 பேரிடம், நீளத்தைத் தீர்மானிக்கும் மரபணு வேறுபாடுகளை வைத்துப் பார்த்தார்கள். 2017-இல் வந்த விடை, அப்படித் தெரியவில்லை என்பதே.

இரண்டு திசையும் தெளிவாக இல்லையென்றால், மூன்றாவது காரணம் ஒன்று இரண்டையும் உண்டாக்கியிருக்கலாம். அதில் முன்னால் நிற்பது குழந்தைப் பருவம். ருமேனியாவின் புகாரெஸ்ட்டில் காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் காப்பகத்தில் அதிக காலம் கழித்தவர்களுக்கு 6 முதல் 10 வயதுக்குள்ளேயே டெலோமியர் குட்டையாக இருந்தது. சிறுவயதில் பட்ட துன்பம் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பையும் கூட்டும் என்பது முன்பே தெரிந்தது. அப்படியானால் பெரியவரிடம் இன்று பார்க்கும் குட்டை நுனி இன்றைய நோயின் தடயமாக இல்லாமல், முப்பது வருடத்துக்கு முந்தைய ஒன்றின் தடயமாக இருக்கலாம். குணமானவர்களுக்கும் அதே நீளம் இருந்தது ஏன் என்பதற்கு இது பொருந்திவருகிறது.

அப்புறம் அந்த வெள்ளணு விஷயம். ரத்தத்தில் இளைய செல்களும் பலமுறை பிரிந்த பழைய செல்களும் கலந்திருக்கும். அழுத்தமோ கிருமித் தொற்றோ அந்தக் கலவையை மாற்றினால், எந்த ஒரு செல்லும் கூடுதலாகத் தேயாமலே சராசரி நீளம் குறைந்தது போலக் காட்டும். இதைப் பிரித்தறியாமல் அளந்த ஆய்வுகளே அதிகம்.

இன்னொரு கடிகாரம்

டெலோமியரைவிட இப்போது ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது டிஎன்ஏ மெத்திலேற்றத்தை. மரபணுக்களின் மேல் ஒட்டிக்கொள்ளும் சிறு வேதிக் குறிகள் வயதோடு ஒரு ஒழுங்கில் மாறுகின்றன. 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் 353 இடங்களில் இந்தக் குறிகளைப் பார்த்து ஒருவரின் வயதைக் கணிக்கும் முறையை வெளியிட்டார். இங்கே விடை நேரடியாக வருடத்திலேயே வருவதால் மேலே சொன்ன வகுத்தல் தொல்லை குறைவு.

இதே போன்ற ஒரு மெத்திலேற்றக் கணக்கில், அதே டச்சுக் குழுவின் 811 மனச்சோர்வு நோயாளிகளையும் 319 நலமானவர்களையும் 2018-இல் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் 0.64 வருடம். ஏறக்குறைய எட்டு மாதம். டெலோமியர் கணக்கில் நான்கு முதல் ஆறு வருடம், இந்தக் கணக்கில் எட்டு மாதம்! இரண்டு கடிகாரமும் உடலில் வேறு வேறு விஷயங்களை அளக்கின்றன என்பதும் காரணம்தான்.

2023-இல் வந்த முடிவு இன்னும் சுவாரசியம். இடுப்பெலும்பு முறிந்து அவசர அறுவை சிகிச்சைக்கு வந்த முதியவர்களின் உயிரியல் வயதை இப்படிப்பட்ட கடிகாரங்களில் அளந்தார்கள். மறுநாள் காலை அது கூடியிருந்தது. நான்கு முதல் ஏழு நாளுக்குள் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. கர்ப்ப காலத்திலும், கடுமையான கோவிட் நோயிலும் இதே போன்ற ஏற்றமும் மீட்சியும் தெரிந்தது. ஏறினால் இறங்காது என்று நினைத்த ஒன்று ஒரே வாரத்தில் ஏறி இறங்குகிறது. இது உடலுக்கு வந்த அதிர்ச்சி. மனச்சோர்விலும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

நீளமாக இருந்தால் நல்லதா?

டெலோமியர் மாத்திரை விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இது. புற்றுநோய்களில் 85 முதல் 90 சதவீதம் டெலோமரேஸை மீண்டும் இயக்கித்தான் ஓயாமல் பிரிகின்றன. 2017-இல் மரபணு வேறுபாடுகளை வைத்துப் பல நோய்களை ஒன்றாகப் பார்த்த பெரிய ஆய்வில், பிறவியிலேயே டெலோமியர் நீளமாக அமைந்தவர்களுக்கு இதயத் தமனி நோய் குறைவு. மூளைக் கட்டி, தோல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோயின் ஒரு வகை ஆகியவற்றின் ஆபத்து அதிகம். உடல் இரண்டு ஆபத்துகளுக்கு நடுவே ஒரு நீளத்தை வைத்திருக்கிறது. அதை ஒரு பக்கமாக இழுப்பது லாபம் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

எதைச் செய்தால் மாறும் என்கிறார்கள்?

உடற்பயிற்சிக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. மறதிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த, உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 68 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு 24 வாரம், வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள், 40 நிமிடம் மூச்சு வாங்கும்படியான பயிற்சி கொடுத்தார்கள். 2018-இல் வெளிவந்தது. பயிற்சி செய்தவர்களின் வெள்ளணு டெலோமியர் மற்றவர்களோடு ஒப்பிடக் கூடியிருந்தது. உணர்ந்த மன அழுத்தமும் குறைந்தது.

யோகா என்றால் நம் ஊடகங்கள் விடாது. புது டெல்லி எய்ம்ஸில் 96 பேர் 12 வாரம் யோகாவும் தியானமும் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. கார்டிசால் குறைந்தது, டெலோமரேஸின் வேலை கூடியது. டெலோமியர் நீளத்தில் வந்த மாற்றமோ புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. ஒப்பிட யோகா செய்யாத குழு ஒன்று வைக்கப்படவும் இல்லை. யோகா டெலோமியரை வளர்க்கும் என்று இதைச் சொல்லக் கூடாது.

2025 மே மாதம் வைட்டமின் டி செய்தி வந்தது. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் சற்று அதிகமானவர்களிடம், தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி3 எடுத்தவர்களுக்கு நான்கு வருடத்தில் டெலோமியர் தேய்வு 140 கார இணை குறைவாக இருந்தது. 'கிட்டத்தட்ட மூன்று வருட முதுமை மிச்சம்' என்றார்கள். 140-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள்: வருடத்துக்கு 47. ஆக, 14, 31, 63 ஆகியவற்றோடு இப்போது 47-உம் சேர்ந்துவிட்டது. சோதனை ஒழுங்காக நடந்ததுதான். ஆனால் இதை வைத்து மனச்சோர்வைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

டெலோமியர் பரிசோதனைக்கு மருத்துவத்தில் உண்மையான இடம் உண்டு. எலும்பு மஜ்ஜை காரணமில்லாமல் செயலிழக்கும் குழந்தைகள், குடும்பத்தில் பலருக்கு நுரையீரல் தழும்பு நோய் வருகிறவர்கள் ஆகியோரிடம் பிறவி டெலோமியர் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வகை ரத்த செல்லையும் பிரித்து அளக்கும் முறையைப் பயன்படுத்துகிறார்கள். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் வேறு முறை. மலிவானது, பெரிய கூட்டத்தின் சராசரியைப் பார்க்க ஏற்றது. ஒரே ரத்தத்தை இரண்டு முறை அளந்தாலும் எண் கொஞ்சம் மாறும். அதை வைத்து 40 வயதுக்காரரிடம் 'உங்கள் செல்லுக்கு 52 வயது' என்று காகிதத்தில் அடித்துக் கொடுப்பதை மருத்துவமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மனச்சோர்வு உடலைப் பாதிக்கும் என்று அறிய டெலோமியர் தேவையும் இல்லை. மாரடைப்புக்குப் பிறகு மனச்சோர்வு இருப்பவர்களுக்கு அடுத்த கட்டம் மோசமாகப் போக வாய்ப்பு அதிகம், அதனால் மனச்சோர்வை ஓர் ஆபத்துக் காரணியாக ஏற்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014-இலேயே பரிந்துரைத்தது. மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவதற்கு இது போதுமான காரணம்; அதைவிடப் பெரிய காரணம், நோய் இருப்பவர் படும் அவதி.

அதை அளக்கக் காசு செலவில்லாத கருவி ஒன்று உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. பெயர் பிஎச்கியூ-9. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. நோய் இருக்கிறதா என்று முடிவு செய்வது அவர் வேலை. ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ நினைப்பு வந்ததா என்று அது கேட்கிறது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே உதவி கேட்க வேண்டும். இந்தியாவில் டெலி-மனஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.